பத்துச் சுற்று மருந்து

சென்ற மாதம் பிரஷர் பார்க்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் மருத்துவ உதவியாளர் தம்பி என் கையில் ஒரு தாளைத் திணித்தார். மனப் பதற்றம் உள்ளவர்கள் தினமும் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. "மாத்திரை மாதிரியே வேலை செய்யுது அங்கிள், இப்பத்தான் எல்லாரும் சொல்றாங்க லா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் செட்டு கழன்று விழாத குறைதான். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது, நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுதிக் கொண்டுவந்து தருகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் இதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவன். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன் என்று பெயர்தானே ஒழிய, அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெசர் செய்யாத வேலை கிடையாது. பல் பிடுங்குவேன், பிள்ளைப்பேறு பார்ப்பேன், பூரான் கடிக்கு ஊசி போடுவேன், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் என்னிடம்தான் வருவார்கள். ஜப்பான்காரன் போனபிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் பயிற்சி. அதில் ஒரு வருஷம் போத்தல் கழுவியே போனது. மீதி இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டு முப்பத்தோரு வருஷம் காலம் தள்ளினேன்.

முதல் வேலை கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தின் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் காடு. நான் போய்ச் சேர்ந்த நேரம் வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கிகளோடு கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள், வெளியே போலீசும் பட்டாளமும் இருந்தன, நடுவில் எங்கள் ஆட்கள் பால் மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் பிடுங்கி ஒரே இடத்தில் நட்டு, சுற்றிலும் முள்வேலி போட்டுவிட்டார்கள். வேலிக்கு ஒரே ஒரு கேட். விடிந்ததும் கேட் திறக்கும், பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கில் பேர் கூப்பிட்டபிறகு ஆட்கள் வரிசையாக வெளியே போவார்கள். ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் விடுவார்கள். ஆண்களை ஒரு போலீஸ்காரர் தடவிப் பார்ப்பார், பெண்களைச் சோதிக்க லெட்சுமி என்ற அம்மாளை வைத்திருந்தார்கள்.

காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேரும் என்று போலீஸ் நினைத்த எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒரு பிடி அரிசி கூடாது, சோறு கூடாது, டின் மீன் கூடாது, டார்ச் லைட் பேட்டரி கூடாது, மருந்து கூடாது. கண்டுபிடித்தால் ஜெயில்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கூடாது.

இப்படி இருந்தால் மனுஷனுக்கு நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? பெரட்டு முடிந்ததும் என் ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேராவது நிற்பார்கள். தூக்கமில்லை, பசி இல்லை, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப் போகிறது, நெஞ்சுக்குள் தவில் அடிக்கிறது. குழாய் வைத்துப் பார்த்தால் நெஞ்சு நன்றாகத்தான் இருக்கும். நானும் ஒரு மிக்ஸர் மருந்தை ஊற்றிக் கொடுத்து அனுப்புவேன். மறுநாளும் அதே பத்துப் பேர் வருவார்கள்.

எனக்கு மேலே பெரிய டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வீடு கோல சிலாங்கூர் டவுனில். ஏழெட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்வார், எங்களிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஒல்லியான மனிதர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நோயாளி பேசப் பேச இவர் வராந்தாவில் நடந்துகொண்டே கேட்பார். நாடி பார்க்கும்போது மட்டும் அசையாமல் நிற்பார். நாங்களெல்லாம் அரை நிமிஷம் பார்த்து இரண்டால் பெருக்கிக்கொள்வோம். அவர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து முழு நிமிஷமும் பார்ப்பார். முடிந்ததும் அந்தக் கையை, எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே கொண்டுபோய் மெதுவாக வைப்பார். கூலிக்காரன் கையென்றாலும் அப்படித்தான், துரையின் கையென்றாலும் அப்படித்தான்.

அவரிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஆஸ்பத்திரியை விட்டு ஒரு கரண்டி மருந்து வெளியே போனாலும் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று ரெஜிஸ்டரில் இருக்க வேண்டும். வந்தவுடன் நின்றபடியே அதைப் படிப்பார். எழுத்துப் பிழையைக்கூட விடமாட்டார். அவர் கார் சத்தம் கேட்டாலே ரெஜிஸ்டரை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்வேன்.

இனி பாக்கியத்தின் கதைக்கு வருகிறேன். பாக்கியம் பால் மரம் சீவுகிறவள், முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். புருஷன் காளியப்பன் ரப்பர் புகை போடும் கொட்டகையில் வேலை. அவள் சீவும் மரங்களின் நிரை காட்டோரத்தில் இருந்தது. ஒருநாள் காலை மரத்தைச் சீவிவிட்டுத் திரும்பினால் மூன்று பேர் நிற்கிறார்கள், தோளில் துப்பாக்கி. அடிக்கவில்லை, திட்டவில்லை. நாளைக்கு வரும்போது அரிசி கொண்டு வா என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கொண்டுபோனால் கேட்டில் பிடித்து ஜெயிலில் போடுவார்கள். கொண்டுபோகாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்களோ. அன்று முழுக்க இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை வரிசையில் நின்று கேட்டை நெருங்கியதும் முழங்கால் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அவளுடைய நிரையை மாற்றிக் கொடுத்தார். ஆபீசுக்குப் பக்கத்தில், காட்டுக்கு ரொம்பத் தூரத்தில். அந்த மூன்று பேரும் திரும்ப வரவும் இல்லை. ஆனால் பாக்கியத்தால் கேட்டைத் தாண்ட முடியவில்லை. லயத்திலிருந்து நன்றாக நடந்து வருவாள். கேட்டுக்குப் பத்தடி தூரத்தில் விரல்கள் நடுங்க ஆரம்பிக்கும், உதடு வெளுக்கும், உட்கார்ந்துவிடுவாள். வேஷம் போடுகிறாள் என்று சில பேர் சொன்னார்கள். நாடி பிடித்துப் பார்த்தவன் நான், அது வேஷமில்லை.

தோட்டத்தை நடத்திய துரை கெட்டவரில்லை, ஆனால் கணக்குப் பார்க்கிற ஆள். ஒரு மாதம் பொறுப்பேன், அதற்குமேல் வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிட்டுக் குடும்பத்தையே வெளியே அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் வேலை போன குடும்பம் லயத்தை விட்டு எங்கே போகும்? ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கே போலீஸ் அனுமதி வேண்டும்.

பெரிய டாக்டர் வந்தபோது பாக்கியத்தைக் காட்டினேன். முழு நிமிஷம் நாடி பார்த்தார். கையை அவள் மடியில் திரும்ப வைத்தார். பிறகு வராந்தாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஓட வேணும் எண்டு கால் கேக்குது" என்றார். "நாங்கள் வேலிக்குள்ளை நிப்பாட்டி வைச்சிருக்கிறம். கால் ஓடேல்லை எண்டால் நெஞ்சு ஓடும், காணும்."

மருந்து என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மருந்து வேண்டாம் என்றார். வேலிக்குள் ஒரு சின்னத் திடல் இருந்தது, பெரட்டு நடக்கும் இடம். அதைக் காலையிலும் சாயங்காலமும் பத்துச் சுற்று வேகமாக நடக்கச் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகம் என்றால், கூட வருகிறவரோடு பேச்சுக் கொடுக்க முடியாத வேகம். நெஞ்சு வேகமாக அடித்தால் செத்துவிடமாட்டோம் என்பதை உடம்பு தானாகவே தெரிந்துகொள்ளும், நாம் சொன்னால் நம்பாது என்று சொல்லிவிட்டுக் கார் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் பாக்கியத்திடமும் காளியப்பனிடமும் அப்படியே சொன்னேன். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். காளியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வருசக்கணக்கா வாளியத் தூக்கிக்கிட்டு மரத்துக்கு மரம் நடந்தவ, டிரெசரய்யா. அவளப் போயி நடங்கிறீங்களே. ஏழைன்னா ஒரு போத்தல் மருந்துக்குக்கூட நாதியில்லையா?" என்று கேட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஆட்களுக்கு வைத்தியம் என்றால் போத்தல்தான். வெறுங்கையோடு திரும்பினால் டிரெசர் கவனிக்கவில்லை என்று அர்த்தம். போத்தலிலும் நிறம் இருக்க வேண்டும், நிறத்தோடு கசப்பு இருக்க வேண்டும், கசக்காத மருந்தை மருந்தென்றே சேர்க்கமாட்டார்கள். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு போத்தல் தண்ணீரில் பெப்பர்மின்ட் விட்டேன், கசப்புக்கு ஒரு சொட்டு விட்டேன், ரோஸ் நிறம் கலந்தேன். பழைய முறைப்படி ஒரு தாளைப் பல் பல்லாக வெட்டி, ஒரு பல்லுக்கு ஒரு வேளை என்று போத்தலின் விலாவில் ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். இது புது மருந்து, ரொம்ப வேகமானது, குடித்தவுடன் உட்காரக்கூடாது, திடலைப் பத்துச் சுற்று வேகமாக நடந்தால்தான் உடம்பில் பரவும், உட்கார்ந்தால் வயிற்றிலேயே திரிந்துவிடும் என்று சொன்னேன். எங்கிருந்துதான் அவ்வளவு சரளமாகப் பொய் வந்ததோ. காளியப்பன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. என்னை உட்காரச் சொல்லி, பால் ஊற்றிய காப்பி கொடுத்தான்.

ரெஜிஸ்டரில் மட்டும் 'நடை' என்று எழுதினேன். போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பெரிய டாக்டர் மருந்து வேண்டாம் என்று சொன்ன இடத்தில் நான் எப்படி மருந்து என்று எழுதுவது?

முதல் நாள் பாக்கியம் கூச்சத்தோடு நான்கு சுற்று நடந்தாள். மறுநாள் ஆறு. மருந்து திரிந்துவிடும் என்ற பயத்தில் மூன்றாம் நாளே பத்தைத் தொட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் நன்றாகத் தூங்குகிறாள் என்று காளியப்பன் வந்து சொன்னான். பத்தாம் நாள், சுற்றி முடித்த வேர்வையோடு அப்படியே வரிசையில் போய் நின்று கேட்டைத் தாண்டினாள். மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது முழு நாள் வேலைக்குப் போய் வந்தாள். துரை என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். நான் கொஞ்சம் கால் தரையில் படாமல்தான் திரிந்தேன்.

அதற்குள் இன்னொரு கூத்து. பாக்கியத்துக்குக் கொடுத்த மருந்து எனக்கும் வேண்டும் என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். நானும் ஊற்றினேன். சாயங்காலமானால் திடலில் முப்பது பேர் பேசாமல் கையை வீசிக்கொண்டு சுற்றுவார்கள். இடமிருந்தா வலமிருந்தா என்று ஒரு பெரிய தகராறு வந்தது. கோயில் பண்டாரம் வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்றார். மாதா கோயிலுக்குப் போகும் எங்கள் வேதக்கார ஆட்கள் இரண்டு பேர் வேண்டுமென்றே இடமாகச் சுற்றி எல்லோர் மேலும் மோதினார்கள். பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நானும் வேதக்காரன்தான், இருந்தாலும் மோதிக் கீழே விழுந்தவர்களுக்கு மருந்து போடுவது யார்? இந்த மருந்து வலமாகச் சுற்றினால்தான் வேலை செய்யும் என்று தீர்ப்புச் சொன்னேன். காவல் மேடையில் நிற்கும் மலாய்க்கார போலீஸ்காரர், முன்பு சுங்கை செம்பிலாங் ஊரில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், மேலேயிருந்து சுற்று எண்ணிக்கை சொல்லி உற்சாகப்படுத்துவார். முள்வேலிக்குள் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

பெரிய டாக்டர் வந்தார், பாக்கியத்தின் நாடியை முழு நிமிஷம் பார்த்தார், ரெஜிஸ்டரில் 'நடை' என்று இருந்ததைப் படித்தார். "நல்லது" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போத்தல்களை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் காலை நான் ஆஸ்பத்திரி வாசலில் மலேரியா மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயில் போட்டு விழுங்கியதும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சாக்கடையில் துப்பிவிடுவார்கள். அப்போது காளியப்பன் ஓடிவந்தான். அன்றைக்குத் திடீர் சோதனையாம். டவுனிலிருந்து ஒரு லோரி நிறையப் போலீஸ் வந்து, லெட்சுமியம்மாளை ஒதுக்கி நிறுத்திவிட்டுத் தாங்களே கூட்டிவந்த பெண்ணை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பாக்கியத்தின் பால் வாளிக்குள், பழந்துணிக்கு அடியில் ஒரு போத்தல். ரோஸ் நிற மருந்து. அவளை லோரியில் ஏற்றிக் கோல சிலாங்கூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தப் போத்தலை அவள் வெளியே கொண்டுபோவாள் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. என் கையெழுத்தில் வேளைத்தாள் ஒட்டிய போத்தல். ஆனால் ரெஜிஸ்டரில் அது இல்லை. ரெஜிஸ்டரில் இல்லாத மருந்து என்றால் திருட்டு மருந்து. திருட்டு மருந்து வேலிக்கு வெளியே போனால் அது காட்டுக்குத்தான் போகிறது என்று போலீஸ் சொல்லும். பாக்கியத்துக்கு ஜெயில். உண்மையைச் சொன்னால் எனக்கு வேலை போகும். எதையும் மறைக்காமல் எழுதுவதென்று உட்கார்ந்துவிட்டேன், ஆகவே இதையும் எழுதுகிறேன். நான் உடனே கிளம்பவில்லை. மாத்திரை வரிசை முடிகிறவரை நின்று ஒவ்வொரு நாக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காளியப்பன் பக்கத்திலேயே நின்றான். கடைசி நாக்கையும் பார்த்தபிறகுதான் எனக்கு என்மேலேயே வெட்கம் வந்தது.

காளியப்பனையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து லோரியில் டவுனுக்குப் போய் முதலில் பெரிய டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஸ்டேஷன் வரைக்கும் அவர் முன்னால், நான் பின்னால், காளியப்பன் அதற்கும் பின்னால்.

ஸ்டேஷனில் வெள்ளைக்கார ஆபீசர் ஒருவர் இருந்தார். மேஜைமேல் என் போத்தல். பாக்கியம் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், டிரெசரய்யா வந்துவிட்டார் இனிமேல் பயமில்லை என்பதுபோல. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர் போத்தலைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டை விரலில் விட்டு நாக்கில் வைத்தார்.

"இதிலை பெப்பர்மின்ட் இருக்கு" என்றார் என்னைப் பார்த்து. "மிச்சம் பொய்."

பிறகு ஆபீசரிடம் ஆங்கிலத்தில் பேசினார். இந்தப் பெண்ணுக்கு வைத்தியம் செய்தது நான், என்னுடைய டிரெசர் செய்தது எதுவோ அது நான் செய்தது என்றார். ஆபீசர் ரெஜிஸ்டரைக் கேட்டார். அதில் போத்தல் இல்லை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. நான் முன்னால் போய்ப் போத்தலை எடுத்து, அடிவரைக்கும் மடமடவென்று குடித்துவிட்டு வைத்தேன். இது மருந்தாக இருந்தால் இவ்வளவையும் ஒரே மூச்சில் குடிக்க முடியுமா ஐயா, வெறும் தண்ணீர், நான்தான் ஏமாற்றிக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கசப்புச் சொட்டைக் கொஞ்சம் தாராளமாகத்தான் விட்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆபீசருக்குப் பாதிதான் நம்பிக்கை. வெறும் தண்ணீரை எதற்கு வாளிக்குள் ஒளித்துக் கொண்டுபோனாள் என்று அவளையே கேட்கச் சொன்னார். டாக்டர் என்னைக் கை காட்டினார், தண்ணீர் என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு நான் கேட்டேன். பாக்கியம் ஆபீசரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"வெளியில ஒரு ஒரு சமயம் அந்தப் படபடப்பு வருங்க. வந்தா ஒரு மொடக்கு குடிச்சிட்டு, வாளிய வச்சிட்டு, ஒரு மரத்தப் பத்துச் சுத்து சுத்துவேன். நின்னுரும். அப்புறம் பழையபடி சீவுவேன்."

எப்படிச் சுற்றுவாய், காட்டு என்றார் ஆபீசர். ஸ்டேஷன் முற்றத்தில் கொடிக்கம்பம் இருந்தது. பாக்கியம் இறங்கிப் போய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். வலமாகத்தான். முதல் இரண்டு சுற்றில் கால் தடுமாறியது. நாலாவது சுற்றில் கை வீச்சு வந்துவிட்டது. ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரர்களெல்லாம் வெளியே வந்து நின்றார்கள். பத்தாவது சுற்று முடிந்ததும் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஆபீசரை நேராகப் பார்த்தாள். நடுக்கமே இல்லை. பொய் சொல்கிறவள் அப்படிச் சுற்றமாட்டாள் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போகலாம் என்றார். இனிமேல் எந்தப் போத்தலும் வெளியே போகக்கூடாது, அது வெறும் தண்ணீர் என்பதையும் அவளுக்குச் சொல்லிவிடு என்று என்னிடம் உத்தரவு போட்டார்.

சொல்லத்தானே வேண்டும்? கொடிக்கம்பத்தடியில் நின்று, அது மருந்தில்லை பாக்கியம் என்று சொன்னேன்.

"அப்ப நான் குடிச்சது?"

"தண்ணிதான். கொஞ்சம் வாசம், கொஞ்சம் கசப்பு."

அவள் காளியப்பனிடம் போய் நின்றுகொண்டாள். ஜெயிலுக்குப் போக இருந்தவளின் முகத்தில் விடுதலையான சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை. விரல்கள் மறுபடியும் நடுங்குவதை நான் பார்த்தேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நடந்துகொண்டேதான் பேசினார்.

"அந்தப் பிள்ளை சுகமானது தன்ரை காலாலை, காணும். நீர் அந்தப் பெருமையைத் தூக்கிப் போத்தலுக்குக் குடுத்திட்டீர்."

வேலையை விட்டு அனுப்பவில்லை. நான் போத்தல் கொடுத்த அத்தனை நாளுக்கும் ரெஜிஸ்டரில் எதிரே 'தண்ணீர்' என்று எழுதச் சொன்னார். அன்று மத்தியானம் உட்கார்ந்து தண்ணீர், தண்ணீர், தண்ணீர் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அதைவிட என்னை வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம்.

விஷயம் அதற்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் திடலில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். சிலர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பண்டாரம் மட்டும் போத்தலோடு வந்து, தண்ணீரென்றால் என்ன, எனக்குப் பழகிவிட்டது, ஊற்றுங்கள் என்றார். பாக்கியம் வரவில்லை. வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள், பேசமாட்டேன் என்கிறாள் என்று காளியப்பன் சொன்னான். நாளைக்குக் கேட்டைத் தாண்டுவாளா என்று அவன் என்னைக் கேட்கவில்லை. நானும் அவனைக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான் மனதில் இருந்தது. மறுபடி அவள் கேட்டில் உட்கார்ந்துவிட்டால் துரை இன்னொரு மாதம் கொடுக்கமாட்டார்.

மறுநாள் பெரட்டுக்கு அரை மணி முன்னாலேயே திடலுக்குப் போய்விட்டேன். வெளுத்த கால்சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து, முன்னால் தள்ளிய என் தொப்பை எல்லாவற்றோடும்தான். பாக்கியம் வாளியோடு வந்தாள். திடல் ஓரத்தில் வாளியை வைத்துவிட்டு நின்றாள். கேட்டைப் பார்த்தாள். கைகளை முந்தானையில் சுற்றி மறைத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் போனேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

"நீங்க ஒருநாளாச்சும் இதச் சுத்துனதுண்டா?"

இல்லை என்றேன்.

"அப்ப வாங்க" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

மறுக்கிற நிலைமையில் நான் இல்லை. கூடவே நடந்தேன். ஒரு சுற்று சுலபமாகத்தான் இருந்தது. இரண்டாவது சுற்றில், நடந்ததையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே பாக்கியம் என்று ஆரம்பித்தேன். பேச்சு வருகிறதென்றால் வேகம் போதாது என்று சொல்லி வேகத்தைக் கூட்டினாள். மூன்றாவது சுற்றில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. ஐந்தாவதில் சட்டை முதுகோடு ஒட்டியது. காவல் மேடையிலிருந்து எண்ணிக்கை சொல்லும் சத்தம் வந்தது. பெரட்டுக்கு வந்தவர்கள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், யாரோ என் சப்பாத்தைக் கேலி பண்ணினார்கள். ஏழாவது சுற்றில்தான் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தேன். கைகள் முந்தானையை விட்டு வெளியே வந்து நன்றாக வீசிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வரப் பார்த்தது, ஆனால் அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

பத்தும் முடிந்தது. பேர் கூப்பிட்டார்கள். அவள் வாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். வரிசை நகர்ந்தது. கேட்டுக்குப் பத்தடியில் ஒரு தடவை நின்றாள். பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள், யாரும் அவளைத் தள்ளவில்லை. பிறகு நடந்தாள். லெட்சுமியம்மாள் வாளிக்குள் கையை விட்டுப் பழந்துணியை உதறிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள் பாக்கியம். கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

நான் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பத்தடி போனவள் திரும்பி வேலிக்கு அந்தப் பக்கமாக வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். கம்பிக்கு நடுவே விரலை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிறாளாம்.

"உங்களுக்குத்தான்யா ரொம்பப் படபடன்னு அடிக்குது. நாளைக்கும் வந்துருங்க."

மறுநாளும் போனேன். நான் போவதற்குள் அவள் இரண்டு சுற்று முடித்திருந்தாள்.